காற்றின் அம்பு: திசையன்புல வரைபடமும் அதன் தமிழாக்கமும்

நிலப்படத்தின்மீது அம்புகளை வரிசையாக இட்டு, ஒவ்வோரிடத்திலும் காற்று எப்பக்கமாக, எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் படங்கள் இன்று வானிலை அறிக்கைகளிலும் நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் இடம்பெறுகின்றன. முன்னர் வரைவாளர் கையால் வரைந்த இவற்றை, பைத்தான் போன்றதொரு ஸ்கிரிப்டிங் மொழியை ஓரளவு அறிந்தவரும் இப்போது ஐந்தாறு வரிகளில் உருவாக்கிவிட முடிகிறது. படம் பெருகப் பெருக, அதன் விளக்கக் குறிப்பையும், அதனோடு வரும் அறிக்கையையும், அதை வரையும் நிரலின் கையேட்டையும் தமிழாக்கும் பணியும் பெருகுகிறது. இப்பணியில் எழும் இடர்களுள் கலைச்சொல் பற்றியது எளிதில் தீரக்கூடியது. தீராதது வேற்றுமை உருபு பற்றியது. காற்றின் பெயரில் மறைந்து நிற்கும் உருபு எது என்று தெளியாதவர், அம்பைத் தலைகீழாக வரைவதும் அறிக்கையைத் தலைகீழாகப் பெயர்ப்பதும் நேரும். புயல் காலத்தில் இப்பிழை ஓடத்தை எந்தக் கரையில் ஒதுக்குவது என்னும் முடிவை மாற்றிவிடும்.

எடுத்துக்காட்டுக்குரிய இடமாக ஈண்டு மேற்கு வங்காளத்தின் சாந்த்ராகாச்சி கொள்ளப்படுகிறது. ஹவுரா நகரைச் சேர்ந்த இப்பகுதி ஹூக்ளி ஆற்றுக்கு மேற்கே, ஏறத்தாழ 22.6 பாகை வட அகலாங்கிலும் 88.3 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் அமைந்துள்ளது. தென்கிழக்கு ரயில்வேயின் சந்திப்பு நிலையமும், குளிர்காலத்தில் நீர்ப்பறவைகள் வந்து தங்கும் ஏரியும் இங்குள்ளன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும், இளவேனிலில் தெற்கிலிருந்தும், கோடை மாலைகளில் இடியுடன் வடமேற்கிலிருந்தும், புயல் நாளில் அடுத்தடுத்துப் பல திசைகளிலிருந்தும் காற்று வீசும் ஊர் இது. மேலும், வெப்பமண்டலப் புயலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சைக்ளோன் என்னும் பெயரும் இதன் எதிர்க்கரையான கொல்கத்தாவில்தான் ஆக்கப்பட்டது.

அம்பு கூறுவது யாது?

ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு திசையும் ஓர் அளவும் உரியனவாக இருப்பின் அதனைத் திசையன்புலம் என்கிறோம். காற்று, ஆற்றின் ஓட்டம், காந்த விசை ஆகியன இத்தகையன. புள்ளிகள் எண்ணிலடங்காதன ஆதலின் அனைத்துக்கும் அம்பு வரைய இயலாது. கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தின் மூலைகளுக்கு மட்டும் வரைவர். அம்பின் சாய்வு திசையையும், நீளம் வேகத்தையும் உணர்த்தும்.

இவ்விடத்தில் ஒரு தவறான வாசிப்பைத் தடுத்தல் வேண்டும். பேருந்துத் தடப் படத்திலும் பறவைகளின் வலசைப் படத்திலும் வரும் அம்பு, ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்தில் முடியும் பயணத்தைக் குறிப்பது. திசையன்புல அம்பு அத்தகையதன்று. அம்பின் அடி சாந்த்ராகாச்சியிலும் முனை டைமண்ட் ஹார்பரிலும் இருப்பின், சாந்த்ராகாச்சிக் காற்று டைமண்ட் ஹார்பரைச் சென்றடைகிறது என்பது பொருளன்று. சாந்த்ராகாச்சி என்னும் ஒரே புள்ளியில், அந்த ஒரு நொடியில் உள்ள நிலையே அங்குக் கூறப்படுகிறது. டைமண்ட் ஹார்பரின் காற்றை அறிய அங்கு அடி ஊன்றிய வேறோர் அம்பைப் பார்க்க வேண்டும். அம்பு தாளில் இடம் பிடித்துக்கொண்டாலும் அது பேசுவது ஒரு புள்ளியைப் பற்றி மட்டுமே. அப்புள்ளி அம்பின் அடியிலா, நடுவிலா, முனையிலா என்பதுகூட வரைபவரின் விருப்பத்துக்கு உட்பட்டது. பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப், தனியே கூறாவிடில் அடியையே புள்ளியில் ஊன்றும்.

சில சொற்கள்

வெக்டர் என்பதற்குத் தமிழில் மூன்று வழக்குகள் உள்ளன. தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்கள் வெக்டர் என ஒலிபெயர்த்தே ஆள்கின்றன. திசையன் என்பது பொருள்வழி ஆக்கம். இந்தியில் வழங்கும் சதிஷ், அதாவது திசையோடு கூடியது, என்பதும் இவ்வழிப்பட்டதே. இலங்கைப் பாடநூல்கள் காவி என்கின்றன. மூலமான இலத்தீன் சொல்லுக்குச் சுமந்து செல்வது என்பதே பொருள். காவுதல், காவடி ஆகியவற்றோடு தொடர்புடைய காவி அதற்கு மிக நெருங்கிய தமிழாகும். நோயைப் பரப்பும் கொசுவை நோய்க்காவி என்னும்போதும் இதே சொல் தடையின்றிப் பொருந்துகிறது. திசையன் அங்குப் பொருந்தாது. இக்கட்டுரை திசையையே பேசுவதால் திசையன் என்பதை ஆள்கிறது. ஆயினும் சொல்லாக்கத் திறத்தில் காவியே மேம்பட்டது என்பது என் கருத்து.

புலம் என்னும் சொல் தமிழுக்கு வாய்த்த பேறு. வயல், இடம் என்னும் பொருள்களோடு திசை என்னும் பொருளும் அதற்கு உண்டு என்பதைத் தென்புலம் போன்ற ஆட்சிகள் காட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு வயல் என்னும் பொருள் மட்டுமே இணையாக அமைய, தமிழ்ச் சொல்லிலோ திசையும் உடன் அமைந்துள்ளது.

இனி நிரலின் சொல். மேட்பிளாட்லிப்பில் அம்புகளை வரையும் கட்டளையின் பெயர் குவிவர். அகராதியில் இச்சொல்லைத் தேடுபவருக்கு முதலில் கிடைக்கக்கூடியது நடுங்கு, துடி என்னும் வினை. அது வேறு சொல். ஒலியால் மட்டும் ஒன்றுபட்டது. கட்டளைப் பெயராக நிற்பது அம்புகளை இட்டுவைக்கும் கூட்டைக் குறிக்கும் பெயர்ச்சொல், அதாவது அம்பறாத்தூணி. அம்பு அறாத தூணி என எதிர்மறைப் பெயரெச்சம் உள்ளடங்கிய இத்தொடர், அக்கட்டளையின் இயல்பை மூலத்தினும் நன்கு கூறுகிறது. நீளவாக்கில் 50, அகலவாக்கில் 50 எனப் புள்ளிகளைக் கொடுத்தால் 2,500 அம்புகளை அது சளைக்காமல் வெளியிடும், படம் முள்ளம்பன்றியாகிவிடும். ஐந்து புள்ளிகளுக்கு ஒன்றென விட்டுவிட்டு எடுக்கும்படி நிரலில் கூறுவதே வழக்கம். கட்டளையை எழுதுமிடத்தில் பெயரைத் தமிழாக்கலாகாது, நிரல் இயங்காது. கையேட்டின் விளக்கப் பகுதியில் ஒருமுறை அம்பறாத்தூணி எனச் சுட்டிவிட்டால் கற்பவர் மனத்தில் கட்டளை தங்கும். 1986ஆம் ஆண்டில் முதலில் வெளியான குனுபிளாட் என்னும் வரைபட நிரலில் இவ்வேலைக்குரிய தொடர் ‘வித் வெக்டர்ஸ்’ என நேரடியாகவே இருப்பதால் அங்கு இச்சிக்கல் இல்லை.

எங்கிருந்து, எங்கு நோக்கி

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கடற்கரை வழக்கில் உள்ள கச்சான் மேற்கிலிருந்து வருவது. வங்காளியர் தெற்குக் காற்றைத் தக்கிணா என்றும் வடக்குக் காற்றை உத்துரே என்றும் அழைப்பதும் புறப்படும் திசை பற்றியே. ஆங்கிலமும் அவ்வாறே. காற்று எதைக் கொண்டுவருகிறது என்பதுதான் மனிதனுக்குத் தேவைப்பட்டது. குளிரா, மழையா, வெப்பமா என்பதைப் புறப்படும் இடம் கூறிவிடும். கடந்து சென்றபின் அது எங்குப் போகிறது என்பது பற்றி எவரும் கவலைப்படவில்லை.

நீரோட்டத்தின் நிலை வேறு. பரதவர் நீவாடு எனக் கூறும் ஓட்டத்தில் அகப்பட்ட படகு எங்கு இழுத்துச் செல்லப்படும் என்பதே கவலை. ஆதலின் கடலியலில் ஓட்டம் அது செல்லும் திசையால் பெயர் பெறுகிறது. ஹூக்ளி ஆற்றில் இளவேனிற் பகலொன்றில் வடிநீர் தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருக்க, காற்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி வீசிக்கொண்டிருக்கும். ஆங்கிலம் இரண்டுக்கும் சதர்லி என்னும் ஒரே அடையைத் தருகிறது. படத்திலோ இவ்விரண்டின் அம்புகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் எதிர்த்து நிற்கும். இரண்டையும் தெற்கு என்று பெயர்த்து வைத்தால் தமிழ் வாசகர், ஆறும் காற்றும் ஒரே பக்கம் செல்வதாகவே கொள்வார்.

இலக்கண நோக்கில் இதனைக் காண்போம். வடகாற்று என்பது ஐந்தாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வடக்கிலிருந்து வீசும் காற்று என விரியும். நன்னூல் கூறும் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் ஐந்தாம் வேற்றுமைப் பொருள்களுள் நீங்கலே இங்குள்ளது. தெற்கு நீரோட்டம் என்பதோ சேருமிடப் பொருளில், தெற்கு நோக்கிச் செல்லும் நீரோட்டம் என விரிய வேண்டும். தொகையின் புறவடிவில் எவ்வேறுபாடும் இல்லை. தொக்கது எது என்பதைச் சூழலே தீர்மானிக்கிறது. சாந்த்ராகாச்சி நிலையத்தில் மூட்டையுடன் நிற்பவர் ‘சென்னை வண்டி எப்போது?’ என்றால் சென்னைக்குச் செல்லும் வண்டி. கையை வீசிக்கொண்டு உறவினரை எதிர்பார்த்து நிற்பவர் அதே தொடரைக் கூறினால் சென்னையிலிருந்து வரும் வண்டி. கேட்பவர் மூட்டையைப் பார்த்துப் பொருள் கொள்கிறார். அச்சிட்ட அறிக்கைக்கு மூட்டை கிடையாது.

அம்பு இவ்வாறு உருபை மறைக்க இயலாதது. முனை ஒருபுறம், அடி மறுபுறம் எனக் காட்டியே தீர வேண்டும். தொகையை விரித்துரைக்கும் உரையாசிரியர் பணியை அம்பு செய்கிறது எனலாம்; ஆயின் எவ்வாறு விரிப்பது என்பதில் அம்பு வரைந்தோரும் தொடக்கத்தில் ஒன்றுபடவில்லை. 1686ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹாலி, லண்டன் அரசவைக் கழகத்தின் இதழில் வெளியிட்ட வாணிபக் காற்றுப் படமே காற்றைக் காட்டும் படங்களுள் மிக முந்தியது எனப் போற்றப்படுவது. அதில் அவர் சிறுசிறு கோடுகளை இட்டார். கோட்டின் கூரிய முனை காற்று வரும் பக்கத்தைச் சுட்டும் என்பது அவர் வகுத்த மரபு. இன்றைய அம்பின் கூரிய முனை செல்லும் பக்கத்தைச் சுட்டுகிறது. ஹாலியின் படத்தை இன்றைய பழக்கத்தோடு காண்பவர், உலகின் காற்றெல்லாம் திரும்பி வீசுவதாகக் கருதக்கூடும். வங்கக் கடல் போன்ற பருவக்காற்றுப் பகுதிகளில் கோடுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இட்டிருப்பதால், அங்கு மட்டும் இத்தவறு தானாகவே மறைந்துபோகும்.

வானிலை நிலையங்கள் இன்றும் பயன்படுத்தும் இறகுக் குறி இவ்விரு மரபுக்கும் இடைப்பட்டது. நிலையத்திலிருந்து ஒரு தண்டு காற்று வரும் பக்கமாக நீளும். அதன் கோடியில் இறகுகள் இருக்கும். அரை இறகு 5 நாட், முழு இறகு 10 நாட், முக்கோணக் கொடி 50 நாட். பறக்கும் அம்பின் வாலில் இறகு இருப்பது போன்றே இதனைக் கருத வேண்டும். இறகுள்ள பக்கமே முனை என எண்ணினால் திசை மாறிவிடும். மேட்பிளாட்லிப்பில் இதற்குத் தனிக் கட்டளை உண்டு, பெயர் பார்ப்ஸ். கொடுக்கும் எண்கள் அம்புக்குக் கொடுப்பவையே.

கணக்கில் ஒளியும் பிழை

நிலையத்திலிருந்து வரும் செய்தி, கோணம், வேகம் என இரண்டு எண்களைக் கொண்டது. வடக்கைச் சுழியமாகக் கொண்டு, வலமாக எண்ணி, காற்று வரும் பக்கத்தைக் கோணம் கூறும்: கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. அம்புக் கட்டளை கேட்பதோ கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்னும் வேறு இரண்டு எண்கள். இங்குக் கிழக்குக் கூறு என்பது கிழக்கு நோக்கிச் செல்லும் கூறு. ஆகவே கிழக்குக் காற்றின் கிழக்குக் கூறு எப்போதும் குறை எண்ணாகவே இருக்கும். முரண்போலத் தோன்றும் இத்தொடரில் முதற்கிழக்கு ஐந்தாம் வேற்றுமை, அடுத்த கிழக்கு சேருமிடம், அவ்வளவே. மாற்றும் வாய்பாடு வருமாறு: கிழக்குக் கூறு, வேகத்தைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கி முன்னால் குறைக்குறி இடுவதால் கிடைக்கும், வடக்குக் கூறு, கொசைன் மதிப்பால் அவ்வாறே கிடைக்கும். அக்குறைக்குறிதான் ‘இருந்து’ என்பதை ‘நோக்கி’ என மாற்றும் உருபு. பைத்தான் கோணத்தைப் பாகையில் ஏற்காது, ரேடியனிலேயே ஏற்கும் என்பதால் அந்த மாற்றத்தையும் முன்னதாகச் செய்துகொள்ள வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தின் பக்கமிருந்து மாலை வேளைகளில் பாய்ந்துவரும் இடிப்புயலை வங்காளியர் கால்பைசாகி என்கின்றனர்; வைசாக மாதத்தால் பெற்ற பெயர். ஆங்கிலேயர் அதையே வடமேற்குத் திசையால் நார்வெஸ்டர் என்றனர். சாந்த்ராகாச்சியில் அது 315 பாகையிலிருந்து, மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். வாய்பாட்டின்படி கிழக்குக் கூறு 42.4, வடக்குக் கூறு குறை 42.4. அம்பு தென்கிழக்கை நோக்கும். சரியான விடை.

இனி, கணிதப் பாடத்தில் பழகிய ஒருவர் இவ்வாய்பாட்டை அறியாமல், கோணத்தைக் கிழக்கிலிருந்து இடமாக எண்ணும் தம் வழக்கப்படி, முதற்கூறுக்குக் கொசைனும் இரண்டாம் கூறுக்குச் சைனும் இட்டுக் குறைக்குறியின்றிக் கணக்கிடுவதாகக் கொள்வோம். தொடக்கத் திசை, எண்ணும் முறை, வரும் பக்கம் என மூன்றிலும் அவர் பிழை செய்கிறார். ஆயினும் 315 பாகைக்கு அவருக்கும் 42.4, குறை 42.4 என்னும் அதே விடைதான் கிடைக்கிறது! மூன்று பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. இது 135, 315 ஆகிய இரு கோணங்களுக்கு மட்டுமே நிகழ்வது. தென்கிழக்கும் வடமேற்கும் தவிர வேறெங்கும் நிகழாது.

இதன் விளைவு கருதத்தக்கது. சாந்த்ராகாச்சியில் ஒரு கால்பைசாகியைக் கொண்டு நிரலைச் சோதித்தவர், சரியாக உள்ளது என நிறைவடைவார். அதே நிரலை நாகப்பட்டினத்தின் வடகிழக்குப் பருவக்காற்றுக்குப் பயன்படுத்தினால், 45 பாகையிலிருந்து வரும் காற்று வடகிழக்கு நோக்கிச் செல்வதாக, அதாவது கரையிலிருந்து கடலுக்குப் போவதாக, முற்றிலும் தலைகீழாக வரையப்படும். தெற்கிலிருந்து வரும் காற்று மேற்கு நோக்கிச் செங்கோணத்தில் திரும்பி நிற்கும். மழை கொண்டுவரும் காற்றை மழையைக் கொண்டுபோகும் காற்றாக்கிவிடும் இந்தப் பிழை, வங்காளத்தின் ஒரு மாலை நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. மொழிபெயர்ப்பிலும் இத்தகைய ஒளிவுகள் உண்டு. ஒரு தொடரை எத்தனை நூல்களில் சோதித்தோம் என்பதைவிட, பொருள் மாறக்கூடிய சூழல்களில் சோதித்தோமா என்பதே வினா. நிரலைச் சோதிப்பவர் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கையும் கொடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பிழை வெளிப்பட்டுவிடும்.

கொம்புத் தகட்டில் அம்புகள்

கணினிக்கு வெகு முன்பே அம்புப் புலத்தைக் கையில் எடுத்துச் செல்லும் கருவியாக்கியவர், கொல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பல் பதிவேடுகளைக் கொண்டு வங்கக் கடற்புயல்களை ஆராய்ந்த இவர், 1848ஆம் ஆண்டில் மாலுமிகளுக்காக வெளியிட்ட புயல் நூலில் சைக்ளோன் என்னும் சொல்லை முன்மொழிந்தார். பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை அமைத்தார். அதற்கு முன்பிருந்த சொற்கள் காற்றின் வலிமையைக் கூறினவேயன்றி அதன் இயக்க வடிவத்தைக் கூறவில்லை என்பதே அவர் கண்ட குறை. கலைச்சொல் ஆக்குவோர் நினைவில் கொள்ளத்தக்க காரணம் இது.

நூலின் பெயர் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சோதனை. ஹார்ன்புக் என்பது, எழுத்துத் தாளின்மேல் மெல்லிய கொம்புத் தகடு பொருத்திய, ஆங்கிலச் சிறுவரின் அரிச்சுவடி. பிடிங்டன் நூலுடனோ, ஒளி ஊடுருவும் கொம்புத் தகட்டில் வட்டங்களும் அம்புகளும் பொறித்த புயல் அட்டைகள், வடகோளத்துக்கு ஒன்று, தென்கோளத்துக்கு ஒன்றென இணைக்கப்பட்டிருந்தன. மாலுமியின் அரிச்சுவடி எனப் பெயர்த்தால் கொம்பு போய்விடும். கொம்பை வைத்துக்கொண்டால் அரிச்சுவடி போய்விடும். மாலுமி அத்தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்து, தம் கப்பல் நிற்குமிடத்தில் உள்ள அம்பு தாம் உணரும் காற்றோடு பொருந்தும்வரை நகர்த்துவார். அப்போது தகட்டின் நடுப்புள்ளி எங்குள்ளதோ அங்குப் புயலின் மையம் உள்ளது என அறிந்து விலகிச் செல்வார். 1864 அக்டோபர் 5ஆம் நாள் கொல்கத்தாவைத் தாக்கிய புயல் ஏறத்தாழ 60,000 உயிர்களைப் பலிகொண்டது. அப்பேரழிவு, 1875ஆம் ஆண்டில் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய வானிலைத் துறை அமைவதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. பிடிங்டன் அதைக் காணவில்லை. 1858ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

அவருடைய தகட்டை இன்று இரண்டு வரிகளில் எழுதலாம். மையத்திலிருந்து கிழக்காக உள்ள தொலைவை ஓர் எண்ணாகவும் வடக்காக உள்ள தொலைவை மற்றோர் எண்ணாகவும் கொண்டு, வடக்குத் தொலைவின் குறை மதிப்பைக் கிழக்குக் கூறாகவும், கிழக்குத் தொலைவை வடக்குக் கூறாகவும் கொடுத்தால் அம்புகள் இடமாகச் சுழலும். வடகோளப் புயலின் சுழற்சி இதுவே. உண்மைக் காற்று மையத்தை நோக்கிச் சற்று உட்சாய்ந்தும், மையத்திலிருந்து விலக விலக ஒரு நிலைக்குப்பின் தளர்ந்தும் வீசும் என்பதால் இது தோராய உருவமே. ஆயினும் திசை மாறும் ஒழுங்கை அறிய இது போதும்.

2020 மே 20ஆம் நாள் பிற்பகலில் சுந்தரவனப் பகுதியில் கரையேறிய அம்பன் புயல், கரையைக் கடக்கையில் மணிக்கு 155 முதல் 165 கி.மீ. வேகக் காற்றைக் கொண்டிருந்தது. அத்தகைய புயலொன்றின் மையம் சாந்த்ராகாச்சிக்குத் தெற்கே தோன்றி, கிழக்குப் பக்கமாக வடக்கே செல்வதாகக் கொள்வோம். மையம் தெற்கில் உள்ளபோது சாந்த்ராகாச்சியின் அம்பு மேற்கை நோக்கும், வீசுவது கொண்டல். மையம் நேர் கிழக்கில் உள்ளபோது அம்பு தெற்கை நோக்கும், வீசுவது வாடை. மையம் வடக்கே சென்றபின் அம்பு கிழக்கை நோக்கும், வீசுவது கோடை. ஏரியில் மிதக்கும் ஆகாயத்தாமரைத் திட்டுகள் முதலில் மேற்குக் கரையிலும், பின் தெற்கிலும், இறுதியில் கிழக்கிலும் ஒதுங்க வேண்டும். ஓடத்தைக் கட்டுபவருக்கும், குடிசையின் எந்தச் சுவருக்கு முட்டுக் கொடுப்பது என எண்ணுபவருக்கும் தேவைப்படுவது இவ்வொழுங்கே. ‘முதலில் கிழக்குக் காற்று, பின் வடக்குக் காற்று’ என்னும் அறிவிப்பில் உருபு பிறழ்ந்தால், காக்க வேண்டிய சுவருக்கு எதிர்ச்சுவர் காக்கப்படும்.

நீளம் பற்றி

திசையைப் போன்றே நீளமும் ஏமாற்றவல்லது. மேட்பிளாட்லிப், அம்புகளின் சராசரி அளவையும் எண்ணிக்கையையும் கொண்டு நீளத்தைத் தானே தீர்மானிக்கிறது. ஆகவே தென்றல் நாளின் படமும் புயல் நாளின் படமும் ஒரே தோற்றம் தரக்கூடும். இரண்டையும் ஒப்பிட வேண்டின் அளவை நிலையாகக் குறித்தல் வேண்டும். கையேட்டில் அதற்குரிய சொல் ஸ்கேல். அதன் மதிப்பைக் கூட்டினால் அம்பு குறுகும். கூட்டினால் நீளும் எனப் பெயர்ப்பாளர் தாமாகவே திருத்திவிடும் இடம் இது. நிலப்படத்தின் அளவுகோலைப்போல, ஓர் அலகு நீளத்துக்கு எத்தனை வேகம் என்பதே அதன் பொருள்.

குனுபிளாட் அவ்வாறு தானே சுருக்காது. கொடுத்த கூறுகளை அச்சின் அலகாகவே கொள்ளும். மேற்கண்ட கால்பைசாகியை அதில் அப்படியே இட்டால், 42.4 என்பது 42.4 பாகையாகி, சாந்த்ராகாச்சியில் புறப்பட்ட அம்பு 130.7 பாகை கிழக்கு, 19.8 பாகை தெற்கில், ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் போய்த் தைக்கும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை; கண்ணுக்குத் தெரியும் பிழை தீங்கற்றது.

அறிக்கையின் தமிழ்

சென்னையிலிருந்து வெளிவரும் தமிழ் வானிலை அறிக்கைகளில் ‘மேற்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக’ என்னும் தொடர் அடிக்கடி இடம்பெறுவது. இங்கு மேற்கு என்பது மேற்கிலிருந்து. அதே அறிக்கைகளில் காற்றழுத்தத் தாழ்வு ‘வடமேற்கு திசையில் நகரக்கூடும்’ என்றும் வரும். இங்கு வடமேற்கு நோக்கி. திசை என்னும் ஒரே சொல் இருவேறு உருபுகளின் பொருளைத் தாங்கி அடுத்தடுத்து நிற்கிறது. வானிலையாளருக்கு இது பழகியது. படத்தையும் அறிக்கையையும் ஒருசேரப் பார்க்கும் பொதுவாசகர், மேற்குக் காற்றின் அம்பு கிழக்கை நோக்கி நிற்பதைக் கண்டு எதை நம்புவது எனத் திகைப்பார். தொகையை விரித்து ‘மேற்கிலிருந்து வீசும் காற்று’, ‘வடமேற்கு நோக்கி நகரும்’ என எழுதினால் கூடுவது ஓரிரு சொற்களே.

வேறொரு சொல்லையும் இங்குச் சுட்டுதல் தகும். இலங்கையில் சூறாவளி என்பது பெயரிடப்பெறும் புயலையே, அதாவது சுழலும் புலம் முழுவதையும் குறிக்கும். தமிழ்நாட்டு மீனவர் எச்சரிக்கையில் வரும் சூறாவளிக்காற்று, மணிக்கு 40, 50 கி.மீ. வேகத்தில் விட்டுவிட்டு வீசும் பலத்த காற்று. புயல் உருவாகாத நாளிலும் வரும். பாக் நீரிணையின் இருகரை மீனவரும் ஒரே வானொலியைக் கேட்க இயலும் என்பதால், முன்னதற்குப் படத்தில் சுழற்சியும் பின்னதற்கு இணையாகச் செல்லும் அம்புகளும் வரும் என்பதை விளக்கக் குறிப்பில் கூறிவிடுதல் நன்று. குறிப்பின் முதல் வரியில் ‘அம்பின் முனை, காற்று செல்லும் பக்கத்தைக் காட்டும், அடி, காற்று அளக்கப்பட்ட இடத்தில் உள்ளது’ என்றும், அடுத்து, இவ்வளவு நீளம் மணிக்கு இத்தனை கி.மீ. என ஓர் அளவு அம்பும் இடம்பெற வேண்டும். மேட்பிளாட்லிப்பில் இதற்கெனக் குவிவர்கீ என்னும் கட்டளை உள்ளது. அதன் உரைப்பகுதியைத் தமிழிலேயே கொடுக்கலாம், தமிழ் எழுத்துரு ஒன்றை முன்னதாகக் குறிப்பிட்டிருப்பின்.